பெயர் யாருக்கு? ஊர் யாருக்கு?

விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு வருகிற இரயில் பாதையிலே பயணம் செய்வோருக்கு ஒன்று சொல்வோம். கடைசி ஒரு மணி நேரத்திலே கையிலுள்ள புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நிலையங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வாருங்கள். கல்லக்குடி பழங்காநத்தம் வரும், புள்ளம்பாடி வரும், இலால்குடி வரும். கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டினால் திருவரங்கம். பலகையிலே ஸ்ரீரங்கம் என்றிருக்கும். காவிரியையும் தாண்டினால் மலைக்கோட்டை தெரியும். திருச்சிராப்பள்ளி நகரம், பொன்மலை, அதற்கப்பால் சந்திப்பு. எல்லாம் முப்பது கல் தொலைவுக்குள்ளே. அந்த முப்பது கல்லுக்குள்ளே ஒரு பலகைக்காக இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. ஒரு பலகையை யாரும் சீண்டியதே இல்லை. ஒரு பலகை தமிழை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பலகையின் பின்னே மூன்று தலை அரக்கன் ஒருவன் ஒளிந்திருக்கிறான்!

காப்பியத்தைத் திறனாய்வு செய்கிறோம், கவிதையைத் திறனாய்வு செய்கிறோம். ஊர்ப்பெயரையும் அவ்வாறே எடுத்துப் பார்த்தால் என்ன? ஒரே சொல்லாலான இலக்கியம் அது. அதை ஆக்கியவர் யாரென்று தெரியாது. ஆனால் எழுதச் சொன்னவர் யார், எழுதியதால் பயன்பெற்றவர் யார் என்பது பெரும்பாலும் தெரியும். அதைத்தான் நாம் ஆராயப் புகுகிறோம். நாட்டின் வடக்கிலே நகரங்களின் பெயர்கள் சரசரவென்று மாற்றப்பட்டு வருகிற காலம் இது. "நீங்கள் மட்டும் கல்லக்குடிக்காகத் தண்டவாளத்திலே தலைவைத்துப் படுக்கவில்லையா? நாங்கள் செய்தால் மட்டும் குற்றமா?" என்று அங்கிருந்து கேள்வி வருகிறது. கேள்வி நியாயமானது. விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கல்லக்குடியிலிருந்தே தொடங்குவோம்.

திருச்சி மாவட்டத்திலே, சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலத்திலே, 1939இல் டால்மியா நிறுவனத்தாரின் சிமெண்ட் ஆலை எழுந்தது. ஆலை எழுந்தது போதாதென்று ஊர்ப்பெயரும் விழுந்தது. கல்லக்குடி என்ற ஊரின் நிலையத்திலே டால்மியாபுரம் என்று பலகை நட்டார்கள். எங்கோ வடக்கிலே இருந்த ஒரு முதலாளியின் குடும்பப் பெயர், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை உழுதவன் தன் ஊருக்குப் போகப் பயணச்சீட்டுக் கேட்கும்போது வாயிலே வரவேண்டிய பெயராயிற்று. 1953ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இது. குலக்கல்வித் திட்டம் ஒரு முனை. பிரதமர் நேரு 'நான்சென்ஸ்' என்று சொன்னதற்குக் கண்டனம் மற்றொரு முனை. கல்லக்குடி மூன்றாவது முனை. மு. கருணாநிதியும் தோழர்களும் டால்மியாபுரம் என்ற எழுத்தின்மேல் கல்லக்குடி என்றெழுதிய தாளை ஒட்டினார்கள், தண்டவாளத்திலே படுத்தார்கள், சிறை சென்றார்கள். அன்றைய கலவரத்திலே இருவர் உயிர் போயிற்று. கழகம் ஆட்சிக்கு வந்தபின் நிலையத்தின் பலகை மாறியது.

அந்நாளிலே எதிர்ப்பாளர் சொன்ன வாதத்தை இன்றும் சொல்வோர் உண்டு. ஆலை வந்தது, வேலை வந்தது, கூலி வந்தது. வேலை தந்தவர் பெயரைச் சூட்டினால் ஊர் தேய்ந்தா போய்விடும் என்பது வாதம். வேலை வாங்கியவன் கூலி கொடுத்தான். கூலி வாங்கியவன் உழைப்பைக் கொடுத்தான். கணக்கு அங்கேயே நேராயிற்று. அதற்குமேல் ஊரையும் எழுதிக்கொடு என்பது எந்தக் கணக்கிலே சேர்த்தி? நிலத்திலே பாத்தியதை உள்ளவன் பத்திரம் எழுதிக்கொள்வான். பாத்தியதை இல்லாதவன் பலகை எழுதிக்கொள்கிறான். டால்மியாபுரம் என்ற பெயரைத் திறனாய்வாளன் கண்கொண்டு பார்த்தால், அதிலே ஊர் இல்லை, ஆறு இல்லை, மரம் இல்லை, கல் இல்லை, குடி இல்லை. உடைமையாளர் மட்டுமே இருக்கிறார். கல்லக்குடி என்ற பெயரிலோ கல்லும் இருக்கிறது, குடியும் இருக்கிறது.

பலகை மாறியதோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆலையின் பெயரோடும் அஞ்சல் முகவரியோடும் டால்மியாபுரம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அது போகட்டும். நிலவியலார் செய்திருப்பதைக் கேட்டால் நகைப்பதா நோவதா என்று தெரியவில்லை. கல்லக்குடி மண்ணுக்கு அடியிலே இருப்பது பண்டைக் கடலின் படிவு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டு வயதுடையது. சங்கும் சிப்பியும் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் அடுக்கு. உலக நிலவியல் நூல்களிலே அந்தப் பாறைக்கு என்ன பெயர் தெரியுமா? 'டால்மியாபுரம் படிவம்'! மனிதன் தோன்றுவதற்கு முன்பே, ஏன், இமயமலை எழுவதற்கும் முன்பே அங்கே கிடந்த கல், 1939இல் வந்த ஆலையின் பெயரைச் சுமக்கிறது. தண்டவாளத்திலே படுத்துப் பலகையை மாற்றலாம். பாறைக்கு எங்கே போய்ப் படுப்பது? 2018இல் தில்லிச் செங்கோட்டையைப் பராமரிக்கும் பொறுப்பை இந்திய அரசு ஒப்படைத்தது இதே குழும மரபில் வந்த டால்மியா பாரத் நிறுவனத்திடந்தான். அப்போது வடக்கிலே எழுந்த கூச்சலைக் கேட்டு, கல்லக்குடிக்காரர் எவரேனும் சிரித்திருந்தால் நாம் குறைகூறமாட்டோம்.

வண்டி நகர்கிறது. இலால்குடி வருகிறது.

இந்த ஊரின் பழம்பெயர் திருத்தவத்துறை. படையெடுத்து வந்த முசுலீம் தளபதி ஒருவன் தொலைவிலிருந்து செந்நிறக் கோபுரத்தைக் கண்டு, தன் மொழியிலே 'லால் குடி' என்று கேட்டான், அதுவே பெயராக நிலைத்தது என்று சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, 'லால்' என்பது தமிழ் அன்று. ஆயினும் இலால்குடியைத் திருத்தவத்துறையாக்க எவரும் தண்டவாளத்திலே படுக்கவில்லை. படுத்திருந்தால் நாம் உடன்பட்டிருக்கவும் மாட்டோம். வயலின் மேதை இலால்குடி ஜெயராமன் அந்தப் பெயரை உலகமெல்லாம் எடுத்துச் சென்றார், எந்த வைதிகரும் அவரைப் பார்த்து, "ஏன் ஐயா, படையெடுத்தவன் வைத்த பெயரைச் சுமக்கிறீர்?" என்று கேட்டதாகச் செய்தியில்லை.

ஏன் இந்த வேறுபாடு? இரண்டும் வேற்றுமொழி கலந்த பெயர்கள்தாமே! டால்மியாபுரத்தின்மேல் சினம், இலால்குடியின்மேல் அன்பு. இது முரண்பாடு ஆகாதா? ஆகாது என்போம். இலால்குடி என்ற பெயரிலே எந்த லாலும் குடியிருக்கவில்லை. அந்தப் பெயரைக் காட்டி வரி கேட்பாரில்லை, வாசலை அடைப்பாரில்லை. மக்கள் அதை வாயிலே போட்டு மென்று, முன்னே ஓர் இகரமும் சேர்த்துத் தமிழாக்கிக்கொண்டார்கள். டால்மியாபுரத்திலோ பெயருக்கு உரியவர் உயிரோடு, உடைமையோடு, ஆலைக் கதவோடு நின்றார். மொழியை மட்டும் வைத்துப் பெயரை எடைபோடுவோர் இந்த இடத்திலேதான் இடறி விழுகிறார்கள். நம்மவரிலும் அப்படி இடறுவோர் உண்டு.

கொள்ளிடத்தைக் கடப்பதற்கு முன், வண்டி போய்ச்சேரும் பெருநகரின் பெயரையும் சற்று உரித்துப் பார்த்துவிடுவோம். திருவரங்கத்திலே நெடுநேரம் நிற்கவேண்டியிருக்கும் என்பதால் முதலிலே திருச்சிராப்பள்ளி.

மலைக்கோட்டைக் குன்றின்மேல் சமணத் துறவியர் படுத்த கற்படுக்கைகள் உள்ளன. அங்கே வாழ்ந்த சிரா என்னும் துறவியின் பள்ளியே சிராப்பள்ளி என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் தம் உறைவிடத்துக்கு வழங்கிய சொல் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. அதே குன்றிலேதான் மகேந்திரவர்மன் சிவனுக்குக் குடைவரை எடுத்தான். தான் வேறு நெறியிலிருந்து திரும்பியதைக் குறிப்பதாக அறிஞர் கருதும் வடமொழிக் கல்வெட்டையும் வெட்டுவித்தான். சமணர் போயினர், பள்ளி என்ற சொல் மட்டும் போகவில்லை. சம்பந்தர் சிராப்பள்ளி என்றே பாடினார். பல்லவன் குடைவரையிலே பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளாகப் பொறிக்கப்பட்ட அந்தாதியும் சிராமலை அந்தாதிதான். பாறையிலேயே இருக்கிறது சான்று.

பிறகு வந்தான் திரிசிரன்! மூன்று தலை படைத்த அரக்கன் ஒருவன் இங்கே வழிபட்டானாம். ஆதலால் ஊர் திரிசிரபுரமாம். சிரா என்ற இரண்டெழுத்தைச் சிரம் என்ற வடசொல்லாக்கி, அதற்கு மூன்று தலை ஒட்டவைத்து, அரக்கனொருவனையும் படைத்துவிட்டார்கள். மாணவனொருவன் தேர்வுத் தாளிலே இப்படிச் சொற்பிரித்தால் ஆசிரியர் சுழி போடுவார்; தலபுராணத்திலே செய்தால் தெய்வத்தன்மை வந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலமையின் சிகரமாய் விளங்கிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களையே 'திரிசிரபுரம்' பிள்ளையவர்கள் என்றுதான் உலகம் எழுதிற்று, உ.வே. சாமிநாதையர் எழுதிய வரலாற்று நூலின் தலைப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பெரும்புலவர் மேல் நமக்குக் குறையில்லை. அரக்கன் எவ்வளவு ஆழமாகக் குடியேறிவிட்டான் என்பதற்காகச் சொல்கிறோம்.

தலபுராணமாகிய செவ்வந்திப் புராணத்துக் கதையொன்று இன்னும் சுவையானது. சாரமா முனிவர் வளர்த்த செவ்வந்திப் பூக்கள் களவு போயின. உறையூர்ச் சோழன் தண்டிக்காமல் தானே அவற்றை ஏற்றான். சிவன் சினந்து மேற்கு நோக்கித் திரும்பி மண்மாரி பொழிய, உறையூர் மூடுண்டு போயிற்று. பூவைத் திருடியவன் ஒருவன், வாங்கியவன் அரசன், மண்ணுக்குள்ளே போனது ஊர் முழுவதும்! இந்தக் கதையின் நீதியைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது செய்கிற வேலையை மட்டும் கவனியுங்கள். சோழரின் தலைநகராய், கோழி என்றும் உறந்தை என்றும் பெயர்பெற்ற பேரூரை ஒரே மழையிலே புதைத்துவிட்டு, கோயிலுள்ள குன்றை ஊரின் நடுவாக்குகிறது. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரிலே அகழ்ந்தபோது மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவற்றுள் ஒன்று செங்கல்லாற் கட்டிய சாயத்தொட்டி. முதல் நூற்றாண்டிலே கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ், அர்கரு என்ற ஊரின் மெல்லிய துணியைப் புகழ்கிறது. அந்த அர்கரு உறையூரே என்பர் ஆய்வாளர். நெய்தவனும் சாயம் தோய்த்தவனும் வாழ்ந்த ஊர். புராணத்திலே அவர்களுக்கு மண்மாரிதான் பங்கு.

பிற்காலத்திலே ஆர்க்காட்டு நவாபுகளின் பாரசீக நூல்கள் இவ்வூரை நத்தர்நகர் என்று குறித்தன. நத்தர்வலி என்னும் இசுலாமியப் பெரியாரின் அடக்கத்தலம் இங்கிருப்பதால் வந்த பெயர். நவாப் முகமது அலி வாலாசாவும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். வெள்ளையர் 'டிரிச்சினாப்பொலி' என்றனர். அந்தப் பெயரிலே சுருட்டு கப்பலேறிற்று. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலே கொலையாளி பிடித்தது டிரிச்சினாப்பொலிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். சாம்பலுக்கு இருந்த புகழ், சுருட்டைச் சுற்றிய உறையூர்க் கைகளுக்கு இல்லை. அந்தப் பெயரும் போய்விட்டது; இரயில்வேயின் குறியீட்டிலே மட்டும் டி.பி.ஜே. என்று அதன் எலும்பு கிடக்கிறது. மக்களோ இத்தனையையும் ஒதுக்கிவிட்டுத் 'திருச்சி' என்கிறார்கள். திருவை வைத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்ட சுருக்கம் அது! இலக்கணம் ஒப்பாது, நமக்கு ஒப்புதலே.

ஆக, ஒரு குன்றின் அடியிலே சமணன் பள்ளி, சைவன் சிராமலை, வைதிகன் திரிசிரபுரம், இசுலாமியன் நத்தர்நகர், வெள்ளைக்காரன் டிரிச்சினாப்பொலி. இவற்றுள் எது 'உண்மைப் பெயர்' என்று கேட்டு ஒன்றை வைத்து மற்றவற்றைத் துடைக்கப் புறப்பட்டால், துடைத்து முடிந்தபின் நகரிலே யார் மிஞ்சுவார்?

வடக்கிலே நடப்பது அதுதான். 2018இல் அலகாபாத் பிரயாக்ராஜ் ஆயிற்று. அதே ஆண்டிலே பைசாபாத் மாவட்டம் அயோத்தி ஆயிற்று. முகல்சராய்ச் சந்திப்புக்குத் தீனதயாள் உபாத்தியாயர் பெயர் வந்தது. 2023இல் ஔரங்காபாத் பெயரும் மாற்றப்பட்டது. பிரயாகை பழம்பெயர்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் கல்லக்குடியிலே துடைக்கப்பட்டது உடைமையாளன் பெயர். அங்கே துடைக்கப்படுவது அண்டைவீட்டான் பெயர். நூற்றாண்டுகளாக அந்த ஊரிலே பிறந்து, தறி நெய்து, அங்கேயே அடக்கமானவர்களை நோக்கி, "உங்கள் மொழியின் நிழல்கூட இங்கே விழலாகாது" என்று சொல்வதற்குப் பலகை ஒரு கருவியாகிறது. படையெடுத்தோர் மாற்றியதாகச் சொல்லப்படும் ஊர்ப்பெயர்களையெல்லாம் கண்டறிந்து திருப்ப ஆணையம் அமைக்கவேண்டும் என்று ஒருவர் உச்சநீதிமன்றத்துக்கே போனார்; 2023 பிப்ரவரியிலே நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. அவ்வாணையம் அமைந்திருந்தால் நம் இலால்குடிக்கும் ஆள் வந்திருப்பார்கள்.

இனித் திருவரங்கம்.

அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் மேட்டுநிலம். அவ்வளவுதான் பெயர்; அதிலே மாயமில்லை. சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போகும் வழியிலே தங்குவது இந்த அரங்கத்துச் சோலையிலே. அங்கே அவர்கள் காண்பது சமணச் சாரணரை. பிறகு ஓடமேறி உறையூர்க் கரை சேர்கிறார்கள். ஆழ்வார் பன்னிருவரிலே பதினொருவர் பாடிய ஊர் இது. அவர்கள் பாடியது அரங்கத்தை. தமிழ்ப் பாட்டாலே வளர்ந்த கோயிலூருக்குத் தமிழ் எழுத்தாலே எழுதமுடியாத 'ஸ்ரீ'யைத் தலையிலே சூட்டி, அரங்கத்தை ரங்கமாக்கி வைத்திருக்கிறார்கள். திருவரங்கம் என்றே பலகை எழுதவேண்டும் என்ற கோரிக்கை நம்முடையது. அதிலே தளர்ச்சி இல்லை.

ஆனால் ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும். 'ஸ்ரீ' போய்த் 'திரு' வந்துவிட்டால் ஊர் யாருக்காகிவிடும்? அந்த ஊரைத் தூய தமிழிலே பாடியவர் ஒருவரே அந்த ஊருக்குள் நுழைய முடியாமல் நின்றாரே! அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். பக்தர்கள் கண்ணீரோடு படிக்கிற கதைதான்.

உறையூரிலே பாணர் குடியிலே வளர்ந்தவர் திருப்பாணாழ்வார். தாழ்த்தப்பட்டவர் ஆதலால் அரங்கத்து மண்ணிலே கால்வைக்கலாகாது. காவிரியின் தென்கரையிலே நின்று யாழிசைத்துப் பாடினார். நீர்முகக்க வந்த கோயிற் பணியாளராகிய உலோகசாரங்கர் விலகச் சொன்னார், இசையிலே தோய்ந்திருந்தவருக்குக் கேட்கவில்லை, கல்லெறிந்தார், நெற்றியிலே இரத்தம். பெருமாள் கனவிலே தோன்றிப் பாணரைத் தோளிலே தூக்கிவரச் சொன்னார், அவ்வாறே தூக்கிவந்தார், பாணர் பத்துப் பாட்டுப் பாடிப் பெருமாளோடு கலந்தார். இதனாலே அவருக்கு முனிவாகனர் என்ற பெயருமுண்டு.

சமத்துவத்துக்குச் சான்றாக இக்கதையைக் காட்டுகிறார்கள். கல்லெறிந்தவனே சுமந்தானே, இதைவிட என்ன வேண்டும் என்கிறார்கள். கதையின் கட்டமைப்பை உற்றுப் பாருங்கள். தோளிலே ஏன் வரவேண்டும்? கால் மண்ணிலே படலாகாது என்ற விதி உடையாமல் இருப்பதற்கும் அது வசதியாயிருக்கிறது. உள்ளே போனவர் ஏன் கலந்து மறையவேண்டும்? வெளியே வந்தால் தெருவழியே நடந்துதானே வரவேண்டும்! நடந்தவர், மறுநாளும் வருவேன் என்பார்; தம் மகனும் வரலாமா என்பார்; இந்த வீதியிலே ஒரு வீடு கிடைக்குமா என்றும் கேட்கக்கூடும். கேளாதபடி கதை அவரை முடித்துவைக்கிறது. தில்லையிலே நந்தனுக்கு நெருப்பு; அரங்கத்திலே பாணருக்குத் தோள். இரண்டு கதையிலும் நுழைவு உண்டு, குடியிருப்பு இல்லை. ஆண்டுதோறும் பங்குனியிலே அரங்கத்துப் பெருமாள் ஆற்றைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு, பிறகு தம் ஊர் திரும்புகிறார். உறையூரிலிருந்து போன பாணர் திரும்பிவந்ததாக எந்த நூலும் சொல்லவில்லை.

அதே கோயிலிலே துலுக்க நாச்சியாருக்கும் இடமுண்டு; தில்லிச் சுல்தானின் மகள், பெருமாள்மேல் காதல்கொண்டு வந்தவள் என்பது கதை. சிலையில்லை, ஓவியந்தான், படையலிலே ரொட்டியும் உண்டு. கதைகட்டியவர்களிடத்திலே வடக்கத்துப் பலகை மாற்றிகளைவிடச் சற்றுத் தாராளம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இங்கேயும் அதே முடிவு: அவளும் பெருமாளோடு கலந்துவிட்டாள். கலந்து மறைகிறவருக்கெல்லாம் அரங்கத்திலே இடம் தாராளமாக இருந்திருக்கிறது!

1939இல் மதுரையிலே தொடங்கிய ஆலய நுழைவு, 1947இல் சென்னை மாகாணம் முழுவதற்குமான சட்டமாயிற்று. கோயிற் கதவு திறந்தது. ஆனால் திருவரங்கத்திலே கோயில் என்பது கருவறை மட்டுமன்று. ஏழு திருச்சுற்றுகளும், உத்தர வீதியும் சித்திரை வீதியும் உள்ளிட்ட தெருக்களும் மதிலுக்குள்ளே அடங்கிய ஊரே கோயில். எந்தச் சுற்றிலே யார் குடியிருப்பது என்பது நெடுங்காலம் எழுதாச் சட்டம். அதைத் திறக்க எந்தச் சட்டமன்றமும் சட்டம் இயற்றவில்லை.

பலகையாலே ஊரைப் பங்கிடும் வழக்கமும் ஒழிந்துவிடவில்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலே உணவகப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைசென்றார்கள். தீர்ந்தது என்றிருந்தோம், 2012இல் திருவரங்கத்திலே ஓர் உணவகத்தின் பலகையில் அதே சொல் மீண்டும் முளைத்தது, மீண்டும் கண்டனம், மீண்டும் கூட்டம். 2006 திசம்பரிலே இராசகோபுரத்துக்கு எதிரே நிறுவப்பட்ட பெரியார் சிலை, திறப்பதற்கு முன்பே உடைக்கப்பட்டது, மீண்டும் நிறுவினார்கள். இவற்றையெல்லாம்விட நம்மை உறுத்துவது வேறொரு சிறு பலகை. நம் நகரங்களிலே வீட்டு வாசலிலே தொங்குகிறதே, 'வாடகைக்கு விடப்படும், சைவ உணவினருக்கு மட்டும்' என்று! நன்றாக, பிழையற்ற தமிழிலே எழுதியிருக்கிறது. உணவைப் பற்றிய அறிவிப்புப் போலத் தோன்றும். யாருக்கு வீடில்லை என்பதை அறிய வேண்டியவர்கள் அறிந்துகொள்வார்கள்.

நம் வீட்டுக் குறையையும் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

பெயர்மாற்றத்திலே நம் இயக்கத்துக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956இல் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்தார். 1967 சூலை 18இல் அண்ணாவின் ஆட்சி சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தது. 1969 சனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அங்கே கோரியது யாரையும் வெளியேற்றுவதற்கன்று. பின்னாளிலே என்ன செய்தோம்? மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயரைச் சூட்டத் தொடங்கினோம். ஒவ்வொரு தலைவரையும் ஒவ்வொரு சாதி தன் சொத்தாக எழுதிக்கொண்டது. தென்மாவட்டத்திலே வீரன் சுந்தரலிங்கம் பெயர்தாங்கிய பேருந்திலே ஏறமாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள்; கலவரம் மூண்டது; 1997இல் அரசு எல்லாத் தலைவர் பெயர்களையும் ஒருசேர நீக்கிவிட்டது. திருச்சிப் பேருந்துகளிலிருந்த தீரன் சின்னமலையும் அன்றே இறங்கிக்கொண்டார். ஒரு பெயரைப் பொறுக்காத சாதிவெறிக்காக அத்தனை பெயர்களும் விலையாயின. அமைதிக்கு அது வழியாயிருக்கலாம். வெற்றி யாருக்கு என்பதை எண்ணினால் மகிழ்ச்சி வரவில்லை.

2020இல் நடந்த கூத்து வேறு. 1,018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்திலே தமிழொலிப்படி எழுதவேண்டும் என்று ஆணை பிறந்தது. வேலூரை எழுதப் புகுந்து, படிப்பவர் வாயிலே வீலூர் என்று வரும்படி எழுதினார்கள்! சிரிப்பு எழுந்தது, சில நாளிலேயே ஆணை திரும்பப்பெறப்பட்டது. 2025 மே 9இல் திருச்சிப் பஞ்சப்பூரிலே பெரும் பேருந்து முனையம் திறந்து, கல்லக்குடித் தண்டவாளத்திலே படுத்தவரின் பெயரையே வைத்தார்கள். தகுதியான பெயர்தான். ஆனால் மக்கள் வாயிலே அது பஞ்சப்பூர்தான். முதலாளியின் பெயரை நீக்கி ஊரின் பெயரை மீட்டதற்காகப் புகழ்பெற்றவர் பெயராலே ஊரின் பெயர் ஒன்று மறையுமானால் அவரே அதை விரும்புவாரா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இவற்றுக்கு நடுவே, பெயரும் வாசலும் ஒன்றாகச் செய்யப்பட்ட முயற்சி ஒன்றுண்டு. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரங்கள். ஓர் ஊருக்கு 100 வீடு. தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. வீடுகளைக் கலந்தே ஒதுக்குவது, எல்லாருக்கும் ஒரே சுடுகாடு என்பது ஏற்பாடு. குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. ஊருக்குப் புறத்தே தனித்தீவாகக் கிடப்பவையும் உண்டு. என்றாலும் அங்கே பெயர் வைத்தவன், இந்தப் பெயருக்குள்ளே யார் குடியிருப்பார் என்பதையும் சேர்த்தே எழுதினான். திருவரங்கத்துக் கதைகட்டியவன் எழுத மறந்தது அதைத்தான்.

2025 ஏப்ரல் 29இல் சட்டமன்றத்திலே முதலமைச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார்: 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும். அக்டோபரிலே சாதிப்பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது. வரவேற்கிறோம். காலனி என்பது வெள்ளையன் விட்டுப்போன சொல். நம்மவர் அதைச் சேரிக்குச் சூட்டி, முகவரி எழுதும்போதே சாதியைச் சொல்லவைத்தார்கள். விண்ணப்பத்திலே அந்த ஒரு சொல்லைக் கண்டதும் முகம் மாறிய அதிகாரிகள் எத்தனை பேர் என்று காலனியிலே பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். பிற ஊர்ப்பெயர்களுக்கு வரலாறு தேடலாம், கல்வெட்டுத் தேடலாம். இந்தப் பெயருக்குத் தேடவேண்டியது ஒன்றுமில்லை, நீக்கவேண்டியதுதான்.

நீக்கிய இடத்திலே எழுதப்போகிற புதுப்பெயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதிலே மட்டும் நமக்கு ஒரு கோரிக்கையுண்டு. வட்டாட்சியர் அலுவலகத்து மேசையிலே ஒரு பட்டியலை வைத்து வரிசையாகக் குறித்துக்கொண்டு போகவேண்டாம். ஊர்த்தெருவின் பெரியவர்கள் கூடி அவர்களுக்காக ஒரு பெயர் முடிவுசெய்யவும் வேண்டாம். கிராமசபையை அந்தக் குடியிருப்பின் நடுவிலேயே கூட்டுங்கள். அங்கே வாழ்கிறவர்கள் சொல்லுகிற பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அதே கூட்டத்தின் குறிப்பேட்டிலே அடுத்த வரியாக, அந்தத் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை எந்தத் தெருவழியே போகிறது என்பதையும் பதிவுசெய்யுங்கள்.